வேட்டை பூட்ஸும் ஒன்பது மா உளுந்தும்

வேட்டைக்குப் போகிறவர்கள் லெதர் பூட்ஸ் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு மாசமாகத் தள்ளிப்போட்டதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, வெட்கம். விலை, எடை, தூரம் எல்லாம் சரியாகத் தருகிறேன். ஆனால் நடுவில் நான் செய்த ஒரு கேவலமான காரியமும் வரும். அதை மட்டும் விட்டுவிட்டு எழுத இரண்டு தடவை முயன்றேன். நன்றாகத்தான் வந்தது. படித்துப் பார்த்துவிட்டு இரண்டையும் அழித்தேன்.

நான் இருப்பது துபாயில். சொந்த ஊர் மன்னார்குடிக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால், வடுவூர் ரோட்டில். கூட வேலை பார்க்கும் பீட்டர் தென்னாப்பிரிக்காக்காரர். வருகிற மே மாதம் நமீபியாவில் குடு வேட்டைக்கு வருகிறாயா என்று கேட்டார். குடு என்பது முறுக்குக் கொம்பு வைத்த பெரிய மான், நம்ம ஊர் காளை மாட்டு எடை இருக்கும். அங்கே லைசென்ஸ் எடுத்துச் சுடலாம். (இந்தியாவில் முயலைச் சுட்டாலும் ஜெயில்தான், யாரும் ஆசைப்பட வேண்டாம்.) சரி என்றேன். பீட்டர் ஒன்றே ஒன்று சொன்னார்: "துப்பாக்கி நான் தர்றேன். ஆனா புது பூட்ஸோட வந்து நிக்காதே. எண்பது கிலோமீட்டராவது நடந்து பழக்கிட்டு வா."

இரண்டு ஜோடி வாங்கினேன். ஒன்று துபாயில், 640 திர்ஹாம். எட்டு அங்குல உயரம், தடித்த பல் வைத்த அடி, தண்ணீர் புகாத உள்பட்டை, ஜோடி 1,900 கிராம். இன்னொன்று ஆம்பூர் பக்கம் ஏற்றுமதிக்குத் தைக்கிற ஒரு கடையில் சொல்லித் தைத்தது, 9,400 ரூபாய். ஆறு அங்குலம், ஒற்றைத் தோல், மெல்லிய அடி, உள்பட்டை கிடையாது, 1,250 கிராம். எதைப் போட்டுக்கொண்டு போவது என்று முடிவு செய்ய இரண்டு வார லீவில் ஊருக்கு வந்தேன். பிப்ரவரி முதல் வாரம். மேட்டூர் அணையை மூடி ஒரு வாரம் ஆகியிருந்தது, அறுப்பு நடந்துகொண்டிருந்தது. நடப்பதற்கு இதைவிட நல்ல காலம் டெல்டாவில் கிடையாது.

முதல் நாள் தஞ்சாவூரிலிருந்து வடுவூர், வடவாற்றுக் கரையோடு 25 கிலோமீட்டர். லாட்ஜ் அறை 900 ரூபாய். காலை 5.40க்கு ஆட்டோ பிடித்து ஆற்றங்கரையில் இறங்கினேன், 80 ரூபாய். துபாய் ஜோடியைப் போட்டிருந்தேன். ஆட்டோக்காரர் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்ன சார், எஸ்.ஐ. செலக்‌ஷனா?"

"இல்லண்ணே, வேட்டைக்கு."

"வடவாத்துலயா? நண்டுதான் கிடைக்கும்." மனுஷன் சிரித்த சிரிப்பில் ஆட்டோ ஒரு தடவை பள்ளத்தில் இறங்கி ஏறியது.

ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். கரை மண் பாதை, வலது பக்கம் அறுத்த வயல், இடது பக்கம் நாணல். பத்து கிலோமீட்டர் வரை ராஜா மாதிரி நடந்தேன். பதினொன்றாவது கிலோமீட்டரில் உள்பட்டைக்குள் வேர்வை கட்டி, காலைத் தண்ணீரில் ஊறப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் உள்ளே புகாத பூட்ஸிலிருந்து தண்ணீர் வெளியேயும் போகாது. கடையில் இதை எவனும் சொல்ல மாட்டான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் ஒரு டீக்கடை. ஒரு தூணில் கறுப்பு சிவப்புக் கொடி, எதிர்த் தூணில் அதே கறுப்பு சிவப்பின் நடுவே வெள்ளை சேர்ந்த கொடி. நான் போய் உட்கார்ந்ததும் பெஞ்சில் பேச்சு நின்றது. கடைக்காரர் டீயைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "கேஸ் குழாய் போட அளக்க வந்தீங்களா?"

இல்லை, சும்மா நடக்கிறேன் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "கோச்சுக்காதீங்க சார். இந்த மாதிரி பூட்ஸ் போட்டுக்கிட்டு வயலுக்கு வந்தவன் எவனும் இதுவரைக்கும் நல்லதுக்கு வந்ததில்லை." டீ 12 ரூபாய். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அவ்வளவு கம்பீரமாக இருக்கிறோம் போல என்று. புத்தி போன போக்கைப் பாருங்கள்.

வடுவூர் ஏரிக்கு மதியம் 1.15. பறவைகள் நிறைய இருந்தன, எனக்குப் பார்க்கும் பொறுமை இல்லை. குதிகாலில் ஐம்பது பைசா அளவுக்குக் கொப்புளம். அங்கே தங்க லாட்ஜ் இல்லை என்றார்கள். பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் ஆம்பூர் ஜோடி. ஊரிலிருந்து வடுவூர் போய்த் திரும்பி, மன்னார்குடி தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வீடு. மொத்தம் 29 கிலோமீட்டர். கொப்புளத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டித்தான் போட்டேன். அப்படியும் தோல் காலோடு வளைந்து கொடுத்தது. அடி மெல்லிசு என்பதால் கீழே கல்லா குச்சியா என்று உள்ளங்காலுக்குத் தெரிகிறது. வேட்டைக்கு அதுதான் முக்கியம், ஒரு குச்சி ஒடிந்தாலும் மான் கிலோமீட்டர் தாண்டிப் போய்விடும்.

எது சத்தமில்லாமல் நடக்கிறது என்று பார்ப்பதுதான் பாக்கி. மூன்றாம் நாள் காலை 7 மணிக்கு இரண்டு ஜோடியையும் தூக்கிக்கொண்டு எங்கள் நிலத்துக்குப் போனேன். ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். எனக்கும் அண்ணனுக்கும் பட்டா. குத்தகைக்கு விட்டது அப்பா காலத்தில், கோவிந்தசாமி என்பவருக்கு. குத்தகைதாரர் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியிருந்தது. அவர் இறந்து இரண்டு வருஷம். மனைவி அஞ்சம்மாள் அதைத் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி மனுப் போட்டிருந்தார். அண்ணன் ஆட்சேபணை கொடுத்திருந்தான், அந்த அம்மா பயிர் செய்வதில்லை, நிலம் சும்மா கிடக்கிறது என்று. மனை போடுகிற ஒருத்தர் கேட்டுக்கொண்டிருந்தார். குத்தகைதாரர் இல்லாத நிலத்துக்கு ரெட்டிப்பு விலை. அதில் பாதி எனக்கு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் இந்தப் பதிவை எழுதுவதற்கே அர்த்தம் இல்லை.

நெல் அறுத்த வயலில் அடித்தாள் நின்றது. நமீபியாவின் காய்ந்த புல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன். வேட்டைக்காரன் நடை என்று ஒன்று உண்டு. காலின் வெளி ஓரத்தை முதலில் ஊன்றி, மெதுவாக உள்பக்கம் அழுத்தி, அப்புறம் எடையை மாற்ற வேண்டும். துபாய் ஜோடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாலு தடவை. ஆம்பூர் ஜோடியில் நாலு தடவை. துபாய் ஜோடி தாளை நறுக் நறுக்கென்று ஒடித்தது. ஆம்பூர் ஜோடியில் சத்தமே இல்லை. முடிவாகிவிட்டது. சந்தோஷத்தில் முழங்காலுக்கு நேரே போனைப் பிடித்து பூட்ஸைப் படம் எடுத்தேன். ஆப்பிரிக்கா மாதிரி தெரியட்டும் என்று ஒரு மஞ்சள் ஃபில்டர் போட்டு, 'தரிசில் ஒத்திகை' என்று எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

அப்போது வரப்பிலிருந்து குரல் வந்தது. "தம்பி, கொஞ்சம் மேல ஏறிக்குங்க."

அஞ்சம்மாள். ஐம்பது வயது இருக்கும். கையில் தூக்குவாளி. என்னை அடையாளம் தெரிந்துதான் கூப்பிட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது எங்க நிலம்தான்மா."

"நிலம் உங்களுதுதாங்க தம்பி. உளுந்து என்னுது."

குனிந்து பார்த்தேன். தாளுக்கு நடுவே மூன்று அங்குலத்துக்குப் பச்சைப் பச்சையாக முளைத்திருந்தது. காலையிலிருந்து அதைத்தான் களை என்று நினைத்து மிதித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் அறுப்புக்குப் பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல் போன பிறகு அது பனியைக் குடித்தே வளர்ந்து சித்திரையில் கைக்கு வரும். குத்தகை நெல்லுக்கு மட்டும்தான். உளுந்து முழுக்கப் பயிர் செய்கிறவருக்கு. அந்த ஊரில் பிறந்த எனக்கு இது தெரியும், ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. வெளியூர்க்காரன் மிதித்தால் அறியாமை. நான் மிதித்ததை என்னவென்று சொல்வது?

"மிஷின் இறக்கினா உளுந்து நசுங்கிடும்னு ஆள் வச்சு அரிவாளால அறுத்தேங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் வரப்பில் ஏறி, "பார்க்கலம்மா, ஸாரிம்மா" என்றேன். அவர் உள்ளே இறங்கி, சாய்ந்ததையெல்லாம் விரலால் நிமிர்த்திக்கொண்டே போனார். நானும் இறங்கி நிமிர்த்தியிருக்கலாம். பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க நேரமாகும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். "டேய், அந்த மஞ்சள் போட்டோவைப் பெரிசா அனுப்பு. தேதி தெரியற மாதிரி."

"எதுக்குண்ணே?"

"நெல்லுத் தாள்கூடக் காஞ்ச புல்லு மாதிரி, நிலம் தரிசா கிடக்கிற மாதிரி அம்சமா இருக்கு. அதான் வேணும்."

என் போனில் ஃபில்டர் போடாத படமும் இருந்தது. அதில் பச்சை பளிச்சென்று தெரியும். "அண்ணே, அங்க உளுந்து முளைச்சிருக்கு" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? மஞ்சள் படத்தை அனுப்பினேன்.

லீவு முடிந்து சனிக்கிழமை கிளம்பினேன். திங்கட்கிழமை தாலுகா ஆபீஸில் இந்த நில விஷயமாக அமைதிப் பேச்சுவார்த்தை. போட்டோ விஷயம் எப்படியோ அஞ்சம்மாளுக்குத் தெரிந்திருந்தது. மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில், திருச்சி பஸ் பக்கத்தில் காத்திருந்தார்.

"தம்பி, நீங்க கண்ணால பார்த்தீங்கல்ல. பயிர் இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. எனக்கு வேற சாட்சி யாரும் வர மாட்டாங்க, எல்லாருக்கும் உங்க அண்ணன்கிட்ட ஒரு வேலை இருக்கு."

"லீவு முடிஞ்சிடுச்சும்மா. நாளைக்கு ஃப்ளைட்."

"எழுதியாச்சும் குடுங்களேன்."

"அண்ணன்கிட்ட பேசறேன்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தேன். பஸ் புறப்பட இருபது நிமிஷம் இருந்தது. ஒரு தாளில் நாலு வரி எழுத இரண்டு நிமிஷம் போதும். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சன்னல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அண்ணனிடம் நான் பேசவும் இல்லை.

பேச்சுவார்த்தையில் அண்ணன் படத்தைக் காட்டினான். அஞ்சம்மாள் வந்து பாருங்கள் என்றார், யாரும் போய்ப் பார்க்கவில்லை. வாய்த்தகராறு முற்றி, கடைசியில் விசாரணை முடியும்வரை இரு தரப்பும் நிலத்தில் இறங்கக் கூடாது என்று எழுதி வாங்கிவிட்டார்கள். ஏப்ரலில் அண்ணன் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான்: "உளுந்து காய்ச்சு வெயில்ல வெடிச்சுக் கொட்டுதுடா, ஒருத்தரும் இறங்க முடியாது." சிரிப்பு வேறு. நான் அதற்கு ஒரு கட்டை விரல் போட்டேன். ஆமாம், போட்டேன்.

மே மாதம் நமீபியா. ஆம்பூர் பூட்ஸ் தங்கம். ஐந்து நாளில் 71 கிலோமீட்டர், ஒரு கொப்புளம் இல்லை. முதல் நாள் வழிகாட்டி ஒரே ஒரு இடத்தில் என்னை நிறுத்தினார். கீழே வெறுந்தரையில் ஒரு பறவை முட்டையிட்டிருந்தது. "காலை வைக்கிறதுக்கு முன்னாடி கீழே பாருங்க" என்றார், அவ்வளவுதான். எனக்கு முகம் சுண்டிவிட்டது. நான்காம் நாள் குடுவைச் சுட்டேன், ஒரே குண்டு. மனம் திருந்திச் சுடாமல் வந்தேன் என்று எழுத ஆசைதான், நடந்தது அது இல்லை. அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

பூட்ஸ் சமாச்சாரத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். இதற்குப் பிறகு அதைப் பேச மனசு வராது. பூட்ஸை சாயங்காலம் போட்டுப் பார்த்து வாங்குங்கள், நடந்த கால் அப்போதுதான் வீங்கியிருக்கும். கம்பளிக் காலுறையோடு அரை சைஸ் பெரியது எடுங்கள். சரிவில் இறங்கும்போது பெருவிரல் முன்னால் இடிக்கக் கூடாது. அடி ஒட்டியதா தைத்ததா என்று திருப்பிப் பாருங்கள், தைத்ததுதான் வேண்டும். கயிற்றுக்கு அடியில் இருக்கும் நாக்கு இரண்டு பக்கமும் மேல்வரை சேர்த்துத் தைத்திருந்தால் புல் முள் உள்ளே போகாது. வறண்ட நாட்டுக்குத் தண்ணீர் புகாத வகை வேண்டவே வேண்டாம். இரும்பு முனை வேண்டாம். பழக்க நம்ம பக்கம் வருகிறவர்கள் ஆற்றங்கரையில் நடங்கள், ரோட்டோரம் நடங்கள். வயலில் இறங்காதீர்கள், வெறும் தாள் என்று தோன்றினாலும் இறங்காதீர்கள். துபாய் ஜோடியை எதற்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஜூன் ஆரம்பத்தில் இந்தப் பதிவுக்குப் படம் தேடிப் போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஃபில்டர் போடாத அந்தப் படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பூட்ஸ் ஓரத்தில் ஒரு உளுந்துச் செடி பாதி நசுங்கி, மீதி இரண்டு இலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சாப்பிட உட்கார்ந்தவன் எழுந்து கை கழுவிவிட்டேன். அன்று இரவே டிக்கெட் போட்டேன், போக வர 1,150 திர்ஹாம். விசாரணை அந்த மாதம் மூன்றாவது வாரம் என்று அண்ணனே சொல்லியிருந்தான். நான் வருவதை அவனிடம் சொல்லவில்லை.

விசாரணை அதிகாரி ஓர் அம்மா. நான் எழுந்து, ஆட்சேபணை கொடுத்தவருக்குத் தம்பி, பட்டாவில் நானும் இருக்கிறேன் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். போனை மேஜையில் வைத்து இரண்டு படத்தையும் காட்டினேன்.

"ரெண்டும் ஒரே படமா?"

"ஆமாங்க மேடம். மஞ்சள் நான் போட்டது. நிலத்துல அன்னைக்கு உளுந்து இருந்துச்சு. அவங்கதான் பயிர் பண்ணினாங்க."

"தெரிஞ்சேதான் மிதிச்சீங்களா?"

"தெரியாமதான் மிதிச்சேன். தெரிஞ்ச பிறகு வாயைத் திறக்கலைங்க."

அதையும் எழுதிக்கொண்டார். என்னிடம் கையெழுத்து வாங்கினார். உத்தரவு பிறகு அனுப்புவதாகவும், அதுவரை அஞ்சம்மாள் நிலத்தில் இறங்கி நாற்று விட வேண்டியதைச் செய்யலாம் என்றும் சொன்னார். அண்ணன் என்னைப் பார்க்காமல் வெளியே போய் வண்டியை எடுத்தான். இன்று வரை பேசவில்லை. மனை போடுகிறவர் வேறு இடம் பார்த்துக்கொண்டதாகக் கேள்வி.

வாசலில் அஞ்சம்மாள் நின்றிருந்தார். உண்மையைச் சொல்வதானால், ஒரு நன்றியை எதிர்பார்த்துத்தான் நான் கிட்டே போனேன். டிக்கெட் போட்டு வந்தவன் இல்லையா! வாடகைக் கார் வைத்திருந்தேன். ஊருக்குத்தானே, ஏறிக்கொள்ளுங்கள் என்றேன்.

"பஸ் இருக்குங்க தம்பி. பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது."

"மன்னிச்சிருங்கம்மா. அன்னைக்குத் தெரியாம மிதிச்சிட்டேன்."

அவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"மிதிச்சது பெரிசில்லீங்க தம்பி. நாலு செடி போகும், பக்கத்துச் செடி படர்ந்து மூடிக்கும். பஸ்ஸுல உக்காந்துக்கிட்டுப் பேசாம இருந்தீங்க பாருங்க, அதுலதான் ஒன்பது மாவும் போச்சு."